அல்பா 0.92 என்றால் 92 சதவீதம் சரி என்று பொருளல்ல

ஆசிரியர் அவர்கட்கு,

கருத்தாய்வுச் செய்திகளின் கடைசிப் பந்தியில் இப்போதெல்லாம் ஒரு வசனம் தவறாமல் வந்துவிடுகிறது: "வினாக்கொத்தின் குரோன்பாக் அல்பா பெறுமானம் 0.92." சில வேளை அதன் பக்கத்திலேயே, "எனவே முடிவுகள் 92 சதவீதம் சரியானவை" என்ற விளக்கமும் ஒட்டிக்கொள்கிறது. முதல் வசனத்திலிருந்து ஒன்றும் தெரியவராது. இரண்டாவது முழுப் பிழை. மீனவர் சங்கம், உல்லாச விடுதி, பாடசாலை, வைத்தியசாலை என்று எங்கள் திருகோணமலை மாவட்டத்தில் வினாக்கொத்தோடு ஆட்கள் போகாத இடமில்லை. அந்த இலக்கங்களை நம்பித் திட்டங்களும் எழுதப்படுகின்றன, பட்டங்களும் வழங்கப்படுகின்றன. ஆகவே இந்த அல்பா என்றால் என்ன, எப்படிக் கணிப்பது, எந்த இடத்தில் அது ஆளை ஏமாற்றும் என்பதைக் கொஞ்சம் விரிவாக எழுத இடம் தாருங்கள்.

பாரை மீனைத் தராசில் போட்டு நிறுக்கலாம். சங்கத்தின் மேல் ஒரு மீனவருக்குள்ள நம்பிக்கையை நிறுக்கத் தராசு கிடையாது. அதனால் ஒரே விடயத்தைச் சுற்றி ஐந்தாறு கூற்றுகளை எழுதி, 1 முதல் 5 வரை விடை வாங்கி, கூட்டிப் புள்ளி எடுக்கிறோம். 1932இல் அமெரிக்க உளவியலாளர் லிக்கேற் காட்டிய வழி இது. அப்படிக் கூட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்தக் கூற்றுகள் எல்லாம் சேர்ந்து ஒரு பக்கம் இழுக்கின்றனவா? கரைவலையில் பத்துப் பேர் கயிற்றைப் பிடித்திருந்தாலும் இருவர் எதிர்ப்பக்கம் இழுத்தால் வலை கரைக்கு வராது. கூற்றுகள் எந்தளவுக்கு ஒருமித்து இழுக்கின்றன என்பதைத்தான் அக இசைவு என்கிறோம். அல்பா அதற்கான ஓர் அளவு, அவ்வளவுதான். வலையில் என்ன மீன் கிடக்கிறது என்று அது சொல்லாது.

அமெரிக்க உளவியலாளர் லீ குரோன்பாக் 1951இல் எழுதிய கட்டுரையால் இது அவர் பெயரில் நிலைத்துவிட்டது. ஆனால் சரி, பிழை என்று மட்டும் புள்ளியிடும் சோதனைகளுக்குக் கூடரும் றிச்சட்சனும் 1937இலேயே இதே சூத்திரத்தைத் தந்திருந்தார்கள். 1945இல் கற்மனும் இதையே எழுதினார். தன் பெயர் அதில் ஒட்டிக்கொண்டது தனக்குச் சங்கடம் என்று குரோன்பாக்கே எழுதிவைத்தார். அவர் 2001இல் காலமாகி, 2004இல் வெளிவந்த கட்டுரை அது. அல்பாவை எதற்கெடுத்தாலும் பாவிப்பது சரியல்ல என்பதும் அதில் அவர் சொன்னதுதான்.

கணிப்பைக் கடதாசியில் செய்து பார்த்தால்தான் விளங்கும். மீனவர் கூட்டுறவுச் சங்கம் பற்றி மூன்று கூற்றுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, "கேட்ட கடன் உரிய நேரத்துக்குக் கிடைக்கிறது." இரண்டு, "கணக்குகள் விளங்கும்படி காட்டப்படுகின்றன." மூன்று, "சங்கத்தால் எனக்குப் பலனில்லை." விடை சொல்பவர்கள் ஐவர். முதற் கூற்றுக்கு 5, 4, 3, 2, 1 என்றும், இரண்டாவதற்கு 4, 4, 2, 3, 2 என்றும், மூன்றாவதற்கு 1, 3, 3, 4, 4 என்றும் வரிசையாக விடை தந்தார்கள். மூன்றாவது எதிர்மறைக் கூற்று. அதில் 1 போட்டவர்தான் சங்கத்தோடு நல்ல திருப்தியில் இருப்பவர். எனவே அந்த நிரலைத் திருப்ப வேண்டும். 1 முதல் 5 வரையான அளவில் 6இலிருந்து விடையைக் கழித்தால் போதும். திருப்பினால் 5, 3, 3, 2, 2 என்று வரும்.

இப்போது ஒவ்வொரு கூற்றுக்கும் மாறற்றிறன், அதாவது விடைகள் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்ற அளவு, எடுங்கள். மூன்றிலும் இடை, அதாவது சராசரி, 3தான். சராசரியிலிருந்து விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டி, ஐவரில் ஒன்று குறைவான 4ஆல் வகுத்தால் முதலாவதற்கு 2.5, இரண்டாவதற்கு 1.0, மூன்றாவதற்கு 1.5. இவற்றின் கூட்டுத்தொகை 5. அடுத்து ஒவ்வொருவருடைய மொத்தப் புள்ளியையும் பாருங்கள்: 14, 11, 8, 7, 5. இந்த மொத்தங்களின் மாறற்றிறன் 12.5. ஐந்தைப் பன்னிரண்டரையால் வகுத்து, வரும் 0.4ஐ ஒன்றிலிருந்து கழித்தால் 0.6. அதைக் கூற்றுகளின் எண்ணிக்கை வகுத்தல் எண்ணிக்கையில் ஒன்று குறைவு, அதாவது 3/2 என்பதால் பெருக்கினால் 0.90. முழுச் சூத்திரமும் இவ்வளவுதான். எக்செல்லில் வார்.எஸ் என்ற சார்பைப் பாவித்து ஐந்து நிமிடத்தில் முடிக்கலாம்.

இனி மூன்றாவது நிரலைத் திருப்ப மறந்துவிட்டோம் என்று வையுங்கள். மொத்தங்கள் 10, 11, 8, 9, 7 ஆகிவிடும். அவற்றின் மாறற்றிறன் 2.5தான். 5ஐ 2.5ஆல் வகுத்தால் 2, ஒன்றிலிருந்து கழித்தால் சய 1 (-1), ஒன்றரையால் பெருக்கினால் சய 1.5. அதே ஐவர், அதே விடைகள், 0.90 இருந்த இடத்தில் சய 1.5. அல்பா பூச்சியத்துக்குக் கீழே போகக் கண்டால் முதலில் பார்க்க வேண்டியது திருப்பாமல் விட்ட நிரலைத்தான். பலரிடம் விடை வாங்கிய பெரிய மாதிரியில் இந்தப் பிழை இவ்வளவு பச்சையாகத் தெரியாது. இணைபு என்பது இரண்டு கூற்றுகளின் விடைகள் எந்தளவுக்குச் சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்ற அளவு. பூச்சியம் என்றால் தொடர்பில்லை, 1 என்றால் முழு ஒற்றுமை. ஒன்றோடொன்று 0.4 இணைபுள்ள ஐந்து கூற்றுகளுக்கு அல்பா 0.77. அவற்றில் ஒன்றைத் திருப்பாமல் விட்டால் 0.30. அந்த 0.30ஐப் பார்த்துவிட்டு, "இந்த ஊர்ச் சனத்துக்கு வினாக்கொத்து விளங்கவில்லை" என்று எழுதுவதுதான் கொடுமை.

இருமுறை திருப்புவதும் நடக்கிறது. தரவு பதிந்தவர் ஒருமுறை திருப்பியிருப்பார், பகுத்தவர் மறுபடி திருப்புவார். இதைத் தவிர்க்கப் பழைய நிரலின் மேல் எழுதாமல் புதிய நிரல் ஒன்றை உண்டாக்கி, பெயரின் முடிவில் "திருப்பியது" என்று சேர்த்துவிட வேண்டும். 0 முதல் 4 வரையான அளவில் 4இலிருந்தும், 1 முதல் 7 வரையானதில் 8இலிருந்தும் கழிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் 6இலிருந்து கழித்துவைப்பவர்களும் இருக்கிறார்கள்.

எதிர்மறைக் கூற்றைத் தமிழில் கேட்கும்போது இன்னொரு சிக்கலும் உண்டு.  களத்துக்குப் போன பிள்ளை, "சங்கத்தால் எனக்குப் பலனில்லை, உடன்படுகிறீங்களா?" என்று வாசிக்கிறது. பெரியவர், "இல்லைத் தம்பி" என்கிறார். "இல்லைத் தம்பி, ஒரு பலனும் இல்லை" என்பதா, "இல்லைத் தம்பி, அப்பிடிச் சொல்லேலாது" என்பதா? முதலாவது என்றால் 5 போட வேண்டும், இரண்டாவது என்றால் 1. எழுதுபவர் கைக்கு வந்ததை எழுதிவிட்டுப் போவார். பிறகு அட்டவணையில் அந்தக் கூற்று மட்டும் மற்றவற்றோடு ஒட்டாமல் நிற்கும். "இல்லை" என்று முடியும் கூற்றை எழுதாமல் விடுவதே இதற்கு மருந்து. "சங்கத்தில் சேர்ந்து எனக்கு நட்டம்தான்" என்று எழுதினாலும் அது எதிர்ப்பக்கக் கூற்றுத்தான், குழப்பம் மட்டும் இராது. ஐந்து விடைகளையும் பெரிய எழுத்தில் அட்டையில் அச்சிட்டுக் காட்டி, விரலால் தொடச் சொல்வது இன்னும் நல்லது.

அட்டையில் நடுவில் போடும் "நடுநிலை" என்ற சொல்லையும் யோசிக்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் அதற்குப் பொருள் வேறு. ஊரில் நடுநிலை என்றால் பக்கம் சாயாத நல்ல மனிசரின் குணம். பெருமைக்குரிய அந்தச் சொல்லைத் தொட யாருக்குத்தான் மனம் வராது? "இரண்டும் இல்லை" என்றோ "சொல்லத் தெரியாது" என்றோ போடுவதும் வெவ்வேறு பொருள் தரும். எதைப் போட்டோம் என்பதை அறிக்கையில் எழுத வேண்டும். இன்னொன்று நம் "உம்" இடைச்சொல். "பணியாளர்கள் அன்பாகவும் விரைவாகவும் கவனிக்கிறார்கள்" என்பது ஒரு கூற்றுப்போலத் தெரிந்தாலும் இரண்டு. அன்பாய்க் கதைத்து மூன்று மணித்தியாலம் காத்திருக்க வைத்தால் என்ன விடை போடுவது? ஒரு கூற்றில் இரண்டு "உம்" கண்டால் அதை இரண்டாக வெட்டிவிடுங்கள்.

இனி அல்பா உயர்ந்து நிற்கும் இடங்களுக்கு வருகிறேன். குறைந்த அல்பாவை எல்லாரும் சந்தேகிக்கிறார்கள். உயர்ந்த அல்பாவை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கெட்ட தரவு பெரும்பாலும் ஒளிந்திருப்பது அங்கேதான்.

முதலாவது, எண்ணிக்கை. ஒன்றோடொன்று 0.2 மட்டுமே இணைபுள்ள, பலவீனமான ஐந்து கூற்றுகளுக்கு அல்பா 0.56. அதே தரத்தில் பத்து எழுதினால் 0.71. இருபது எழுதினால் 0.83. கூற்றுகளின் தரம் கொஞ்சமும் உயரவில்லை, தாள்தான் நீண்டது. ஆகவே எத்தனை கூற்றுகள் என்று சொல்லாமல் அல்பாவை மட்டும் சொல்வது, எத்தனை பேர் இழுத்தார்கள் என்று சொல்லாமல் எவ்வளவு மீன் வந்தது என்று மட்டும் சொல்வது மாதிரி. கூற்றுகளுக்கிடையிலான சராசரி இணைபையும் சேர்த்துத் தர வேண்டும். அது 0.15இற்கும் 0.50இற்கும் இடையில் இருப்பது நல்லது என்பது பரவலாக ஏற்கப்பட்ட வழிகாட்டி.

இரண்டாவது, ஒன்றுக்கு மேற்பட்ட விடயங்களைக் கலப்பது. பத்துக் கூற்றுகளில் ஐந்து சங்கத்தைப் பற்றியவை, ஐந்து வீட்டுக் குடிநீரைப் பற்றியவை என்று வையுங்கள். ஒவ்வோர் ஐந்துக்குள்ளும் இணைபு 0.5, இரண்டு கூட்டத்துக்கும் இடையில் இணைபு பூச்சியம். பத்தையும் சேர்த்து அல்பா எடுத்தால் 0.74 வரும்! ஒன்றுக்கொன்று ஒட்டுறவே இல்லாத இரண்டு விடயங்கள் "ஏற்கத்தக்க நம்பகத்தன்மை" பெற்றுவிடுகின்றன. அல்பா உயர்ந்தால் கூற்றுகள் ஒரே விடயத்தை அளக்கின்றன என்று எழுதுவது எவ்வளவு பெரிய பிழை என்பதற்கு இந்த ஒரு கணக்குப் போதும். நிலாவெளி, உப்புவெளி விடுதிகளில் சேவைத்தரம் பற்றிச் செய்யும் ஆய்வுகளில் 1988இல் வந்த சேர்வ்குவால் அளவுத்திட்டத்தைப் பலர் எடுக்கிறார்கள். அதில் 22 கூற்றுகள், ஐந்து பரிமாணங்கள். அல்பாவைப் பரிமாணம் பரிமாணமாகத்தான் எடுக்க வேண்டும். 22ஐயும் ஒன்றாகப் போட்டு 0.94 எடுப்பதில் அர்த்தமே இல்லை. ஒரே பரிமாணமா என்று அறிய, எந்தக் கூற்றுகள் ஒன்றாய்க் கூட்டம் சேர்கின்றன என்று காட்டும் காரணிப் பகுப்பாய்வு தேவை. அதை அல்பாவுக்கு முன் செய்ய வேண்டும்.

மூன்றாவதைத்தான் திருகோணமலையில் இருக்கும் நாங்கள் மற்ற எவரையும்விடக் கவனிக்க வேண்டும். ஒரே வினாக்கொத்து வெருகலில் தமிழிலும் கோமரங்கடவலையில் சிங்களத்திலும் போகிறது. திரும்பி வந்ததும் எல்லாத் தாளையும் ஒன்றாய்க் கட்டி ஒரே அல்பா எடுக்கிறார்கள். ஒரு கணக்குப் பாருங்கள். ஐந்து கூற்றுகள். ஒவ்வொரு மொழிப் படிவத்துக்குள்ளும் கூற்றுகளுக்கிடையிலான இணைபு வெறும் 0.1. தனித்தனியே அல்பா 0.36. படு மோசம். ஆனால் மொழிபெயர்ப்பில் ஒரு படிவத்தின் சொற்கள் உடன்படக் கொஞ்சம் இலகுவாய் அமைந்துவிட்டதால், அந்தப் பக்கத்தில் ஒவ்வொரு கூற்றுக்கும் சராசரி 1.2 புள்ளி கூட விழுகிறது. இரு தரப்பிலும் சம எண்ணிக்கை, ஒவ்வொரு தரப்புக்குள்ளும் ஒவ்வொரு கூற்றின் நியம விலகல் (மாறற்றிறனின் வர்க்கமூலம்) 1 என்று வையுங்கள். இப்போது சேர்த்து எடுத்தால் அல்பா 0.72! எந்த மொழியிலும் வேலை செய்யாத வினாக்கொத்து, இரண்டையும் கலந்தவுடன் தேறிவிடுகிறது. அல்பா அளந்தது சங்கத்தின் மேலுள்ள நம்பிக்கையை அல்ல, படிவ வித்தியாசத்தை. சங்கத் தலைவர் பக்கத்தில் கதிரை போட்டு இருந்த ஊர்களின் தாளையும் அவர் இல்லாத ஊர்களின் தாளையும் கலந்தாலும் இதே விளைவுதான்.

எனவே தமிழ்ப் படிவத்துக்கு ஓர் அல்பா, சிங்களப் படிவத்துக்கு ஓர் அல்பா என்று பிரித்துத் தர வேண்டும். கிண்ணியாவிலும் மூதூரிலும் பேசும் தமிழுக்கும் பட்டினத்துத் தமிழுக்கும் இடையில் சொல் வேறுபடும் இடங்கள் இருப்பதால், மாதிரி போதுமானால் பிரதேச செயலகப் பிரிவு வாரியாகவும் பார்க்கலாம். மொழிபெயர்த்ததை இன்னொருவரைக் கொண்டு மூலமொழிக்குத் திருப்பி மொழிபெயர்ப்பித்து ஒப்பிடுவது அடிப்படை வேலை. செலவு மிச்சம் பிடிப்பதற்காக முதலில் வெட்டப்படுவதும் அதுதான்.

நான்காவது, தரவுப் பதிவு. விடை தராத இடத்துக்கு 99 என்று பதிவது வழமை. அது "விடுபட்டது" என்று மென்பொருளுக்குச் சொல்ல மறந்தால் என்ன நடக்கும்? 200 பேரில் நால்வர் அந்தப் பக்கத்தையே புரட்டாமல் விட்டிருந்தால், அவர்களுடைய ஐந்து விடையும் 99. அல்பா 0.99ஐத் தாண்டிவிடும். மற்ற 196 பேர் என்ன சொன்னார்கள் என்பதற்கு அங்கே இடமே இல்லை. 0.98, 0.99 என்று அல்பா கண்டவுடன் சந்தோசப்படாமல், எந்த விடை எத்தனை தடவை வந்தது என்று காட்டும் நிகழ்வெண் அட்டவணையைத் திறந்து 99, 55, 11, 44 என்று ஏதாவது கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். 55உம் 44உம் தட்டச்சில் இருமுறை விழுந்தவை. 99ஐச் சரியாக விடுபட்டதென்று குறித்தாலும் இன்னொரு பக்கம் இடிக்கும். எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளிவிபர மென்பொருள் ஒரு விடை குறைந்தவரையும் முழுதாக விலக்கிவிட்டுத்தான் அல்பா எடுக்கும். 22 கூற்றுகளில் ஒவ்வொன்றிலும் ஆங்காங்கே 3 சதவீதம் விடுபட்டால், 200 பேரில் ஏறத்தாழ 102 பேர்தான் கணக்கில் மிஞ்சுவார்கள். அட்டவணையின் மேலே எத்தனை பேர் சேர்க்கப்பட்டார்கள் என்று அச்சாகியிருக்கும், வாசிப்பார்தான் இல்லை.

மேலிருந்து கீழ்வரை 4, 4, 4, 4 என்று போட்டுக்கொண்டு போகும் தாள்களும் அல்பாவை ஏற்றும். ஆட்களிடம் போகாமல் மர நிழலில் இருந்து தாங்களே நிரப்பிய தாள்களும் அப்படித்தான். எதிர்ப்பக்கக் கூற்று ஒன்றிரண்டு கலந்திருந்தால் இவை பிடிபட்டுவிடும்: "கடன் நேரத்துக்குக் கிடைக்கிறது" என்பதற்கும் 5, "சங்கத்தில் சேர்ந்து நட்டம்தான்" என்பதற்கும் 5.

ஐந்தாவது, ஒரே கேள்வியைச் சொல் மாற்றிக் கேட்பது. "சேவை திருப்தி தருகிறது", "சேவையால் மனநிறைவு அடைகிறேன்", "சேவை எனக்குப் பிடித்திருக்கிறது" என்று அடுக்கினால் 0.95 சும்மா வரும். கேட்டது ஒரு கேள்வி, எண்ணியது மூன்று.

மென்பொருளில் செய்யும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எஸ்.பி.எஸ்.எஸ்.இல் அனலைஸ், அதற்குள் ஸ்கேல், அதற்குள் ரிலையபிலிட்டி அனாலிசிஸ். கூற்றுகளை உள்ளே போட்டு, ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பொத்தானை அழுத்தி, ஸ்கேல் இஃப் ஐட்டம் டிலீட்டட் என்ற பெட்டியில் சரி போடுங்கள். காசு கொடுத்து வாங்க வசதியில்லாத மாணவர்களுக்கு ஜமோவி இலவசம். அதில் எதிர்ப்பக்கக் கூற்றுகளுக்கென்று தனிப் பெட்டியே இருக்கிறது, மக்டொனால்டின் ஒமேகா என்ற இன்னொரு நம்பகத்தன்மை அளவும் ஒரு சொடுக்கில் வரும். எல்லாக் கூற்றுகளும் சம அளவில் இழுக்கின்றன என்ற எடுகோளில் அல்பா நிற்கிறது, ஒமேகாவுக்கு அது தேவையில்லை. எனவே இரண்டையும் தருவது நல்லது.

வெளியீட்டில் பார்க்க வேண்டியது இரண்டு நிரல்கள். ஒன்று, ஒரு கூற்றுக்கும் அதைத் தவிர்த்த மற்றவற்றின் மொத்தத்துக்குமான இணைபு. 0.3இற்குக் கீழே இருந்தால் அந்தக் கூற்றை வாசித்துப் பாருங்கள். சயத்தில் இருந்தால் திருப்ப மறந்திருக்கிறீர்கள். மற்றது, அந்தக் கூற்றை நீக்கினால் அல்பா எவ்வளவு ஆகும் என்பது. இந்த இரண்டாவது நிரல் ஆபத்தானது. அல்பா 0.68இல் நின்று, ஒன்றை எடுத்தால் 0.71 ஆகுமென்றால் கை சும்மா இராது. எடுத்த கூற்று "கணக்குகள் விளங்கும்படி காட்டப்படுகின்றன" என்பதாக இருந்தால், சங்கத்தின் மேலுள்ள நம்பிக்கையிலிருந்து கணக்கு வழக்கையே கழற்றிவிட்டோம். நீக்குவதானால் கூற்றின் பொருளை வைத்து நீக்க வேண்டும். நீக்கியதை அறிக்கையில் சொல்லவும் வேண்டும்.

0.7 என்ற அந்தப் புகழ்பெற்ற எல்லை எங்கிருந்து வந்தது? உளவியல் அளவீட்டுப் பாடநூல் எழுதிய நன்னலி 1978இல் எழுதியது அது, அதுவும் ஆராய்ச்சியின் தொடக்கக் கட்டத்துக்கு. அடிப்படை ஆராய்ச்சிக்கு 0.80 என்றும், தனி ஆட்களைப் பற்றித் தீர்மானம் எடுப்பதற்கு 0.90 ஆவது வேண்டும் என்றும் அவரே சொன்னார். காரணம் கணக்கிலேயே இருக்கிறது. மொத்தப் புள்ளியின் நியம விலகல் 10, அல்பா 0.70 என்றால் ஒருவருடைய புள்ளியின் நியம வழு, அதாவது அது உண்மையிலிருந்து வழமையாக விலகக்கூடிய அளவு, 5.5. ஒரு பிள்ளையின் பரீட்சைப் பயத்துக்கு 60 புள்ளி வந்தால், உண்மை 49இற்கும் 71இற்கும் இடையில் எங்கோ இருக்கலாம். ஒரு கல்வி வலயத்தின் சராசரியைச் சொல்ல இது போதும். இன்ன பிள்ளையை உளவளத்துணைக்கு அனுப்பு, இன்ன பிள்ளையை விடு என்று பிரிப்பதற்குப் போதாது.

முன்னோட்டத்தில் 30 பேரிடம் எடுத்த அல்பாவை அப்படியே இறுதி அறிக்கையில் போடுவதும் வழக்கமாகிவிட்டது. ஐந்து கூற்றுகள், 30 பேர், அல்பா 0.70 என்றால் அதன் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மையான அல்பா இருக்கக்கூடிய வீச்சு, ஏறத்தாழ 0.49 முதல் 0.84 வரை. 200 பேர் என்றால் 0.63 முதல் 0.76 வரை. அத்தோடு அல்பா வினாக்கொத்தின் குணமும் அல்ல. அந்த நாளில் அந்த ஆட்கள் தந்த விடைகளின் குணம் அது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் ஒரே வயது மாணவர்களிடம் பரீட்சித்த அல்பா ஈச்சிலம்பற்று மீனவர்களுக்குப் பொருந்தாது. வேறொரு நாட்டில் வேறொருவர் எடுத்த 0.89ஐ மேற்கோள் காட்டுவதும் அப்படித்தான். முதன்மைத் தரவில் திரும்ப எடுக்க வேண்டும். மார்கழி மழைக்குள் கடல் கொந்தளித்துத் தொழில் இல்லாமல் இருக்கும்போது கேட்டதும், தொழில் நடக்கும் காலத்தில் கேட்டதும் ஒத்து வருமா என்பது இன்னொரு வகை நம்பகத்தன்மை. அதை அறிய அதே ஆட்களிடம் இருமுறை போக வேண்டும்.

அல்பாவே வேண்டாத இடங்களும் உண்டு. வீட்டில் படகு, மோட்டார் சைக்கிள், குளிர்சாதனப் பெட்டி, கிணறு உண்டா என்று எண்ணும் சொத்துப் பட்டியலுக்கு அக இசைவு தேவையில்லை. இழப்புப் பட்டியலும் அப்படித்தான். 2004 கடற்கோளில் வலை போனவருக்கு வீடும் போயிருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. இழப்புகள் சேர்ந்துதான் துயரத்தை உண்டாக்கின. உள்ளே இருக்கும் ஒன்றின் வெளிப்பாடாக அவை வரவில்லை. அப்படிப்பட்ட பட்டியலுக்கு 0.45 வந்ததென்று உருப்படியான கேள்விகளை வெட்டி எறிந்த அறிக்கைகள் இருக்கின்றன.

குறைந்த நம்பகத்தன்மையால் வரும் நட்டம் வெளியில் தெரியாது. இரண்டு விடயங்களுக்கிடையில் உண்மையான இணைபு 0.5 என்று வையுங்கள். ஒன்றை 0.6 நம்பகத்தன்மையோடும் மற்றதை 0.7 நம்பகத்தன்மையோடும் அளந்தால் தாளில் தெரிவது 0.32தான். "தொடர்பு பலவீனமானது" என்று எழுதி முடித்துவிடுவார்கள். பலவீனம் அளவுகோலில் இருந்தது.

பத்திரிகையிடம் ஒரு வேண்டுகோள். கருத்தாய்வு முடிவுகளைக் கொண்டுவருபவர்களிடம் அல்பா எவ்வளவு என்று கேட்பதோடு நிற்காதீர்கள். எத்தனை கூற்றுகள், எத்தனை பேருடைய விடை கணக்கில் சேர்ந்தது, தமிழ்ப் படிவத்துக்கு எவ்வளவு, சிங்களப் படிவத்துக்கு எவ்வளவு, ஏதாவது கூற்று நீக்கப்பட்டதா என்று கேளுங்கள். கூற்றுகள் கேட்கப்பட்ட சொற்களிலேயே இரண்டையாவது செய்தியோடு அச்சிடுங்கள். பல வேளை அந்த இரண்டு கூற்றுகளை வாசித்ததுமே அல்பாவைத் தேட வேண்டிய அவசியம் இராது.

இப்படிக்கு,
புள்ளிவிபரவியல் கற்பிக்கும் வாசகர்,
உவர்மலை, திருகோணமலை.